ஏழு முறிவுகளும் என் முன்பல்லும்

குண்டு வெடித்தால் நீங்கள் ஓடினீர்கள். காலி வீதியிலிருந்து கடற்கரைப் பக்கமாக, புத்தகப் பை முதுகில் குதிக்க, ஒரு கால் சப்பாத்தை எங்கேயோ விட்டுவிட்டு, ரயில் தண்டவாளத்தையும் தாண்டி ஓடினீர்கள். அந்தக் கூட்டத்தில் என்னைத் தேடாதீர்கள். நான் உட்கார்ந்திருந்தேன்.

வெள்ளவத்தை ஒழுங்கைகளில் அரைக்காற்சட்டையோடு திரிந்து, இப்போது டொரொன்டோவிலும் லண்டனிலும் பிரஷர் குளிசை விழுங்கிக்கொண்டிருக்கும் உங்களில் சிலர் என்னைத் துணிச்சல்காரன் என்று நினைத்திருந்தீர்களாம். போன மாதம் ஒருவன் தொலைபேசியில் சொன்னான்: "மச்சான், நீ அப்பவே ஒண்டுக்கும் அசையமாட்டாய்." அது துணிச்சல் இல்லை ராசா. ஓடினால் விழுவேன், விழுந்தால் முறியும், முறிந்தால் ஆறு கிழமை பிளாஸ்டர். உங்களுக்குப் பயம் காலுக்கு இறங்கியது. எனக்கு அது காலுக்குப் போகாமல் நடுவழியில் நின்று, என்னைக் குந்த வைத்துவிடும்.

எனக்கு ஒன்பது வயதாக இருந்தபோது பேக்கரிக்கு முன்னால் ஒரு நாள் அப்படிக் குந்தினேன். சத்தம் வந்தது, அதன் பிறகு கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. மாடிக் கண்ணாடிகள் மழைபோல் கொட்டியதைப் பார்த்தேன், கேட்கவில்லை. பாண் மணத்தோடு எரிந்த ரப்பர் மணமும் வந்தது. எனக்கு இரண்டு முழம் தள்ளி ஒரு மனிதர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு, ஏதோ தொலைத்ததைத் தேடுகிறவர் மாதிரி நிலத்தைப் பார்த்தபடி நின்றார். பிறகு மெதுவாக முன்னுக்குச் சரிந்தார். அவர் எழும்பவில்லை. குண்டு என்னைத் தொடவில்லை. ஓடிவந்த ஒரு ஆன்டியின் குதிக்கால்தான் என் இடது கையை மிதித்து இரண்டு எலும்பை முறித்தது. மனிதர் செத்துக்கிடக்கிறார், நான் "ஐயோ என்ர கை" என்று கத்துகிறேன். அந்த வெட்கம் இன்னும் போகவில்லை.

அது என்னுடைய ஆறாவது முறிவு.

என்னுடைய நோய்க்கு ஒரு நீளமான பெயர் இருக்கிறது. அதைச் சரியாகச் சொல்லப் பழகவே எனக்கு மீசை முளைக்க வேண்டியிருந்தது. எலும்பு முறுக்கு மாதிரி முறியும், அவ்வளவுதான். எலும்பைப் பிடித்துவைக்கும் அதே பசை பல்லுக்குள்ளும் இருக்க வேண்டுமாம். இல்லாததால் என் பற்கள் சாம்பலையும் பால் விடாத தேத்தண்ணியையும் கலந்த நிறத்தில் இருந்தன. வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் அந்தப் பக்கம் மங்கலாகத் தெரியும். மேற்பூச்சு தானாகவே செதில் செதிலாகக் கழலும். உள்ளே இருப்பது சுண்ணக்கட்டி மாதிரித் தேயும். ஆனால் அந்த வருஷம் பாதிவரை இதெல்லாம் ஒருவருக்கும் தெரியாது. தெரிந்த ஒருவர் வாயைத் திறக்கவில்லை. அவர் யார் என்று பிறகு சொல்கிறேன்.

டொக்டர்மார் "கல்சியம் காணாது" என்றார்கள். நெத்தலி தின்றேன். முட்டைக்கோது இடித்த தூளைப் பாலில் போட்டுக் குடித்தேன். வகுப்பில் என்னை "வெத்திலைக் கிழவன்" என்றார்கள். அம்மாவோ, நான் பல் விளக்குவதில்லை என்று முடிவெடுத்திருந்தார். ரோசாநிறப் பற்பொடித் தகரம் ஒன்று எங்கள் வீட்டில் இருந்தது. அதில் உப்பையும் கலந்து, தன் விரலாலேயே தேய்ப்பார். பல் முரசில் இரத்தம் வரும். "இன்னும் ஊத்தை, இன்னும் ஊத்தை" என்று தேய்ப்பார். ஒரு நாள் நான் அவருடைய கையைத் தட்டிவிட்டு ஓடப் பார்த்தேன். அவர் கைக்குக் கிடைத்த அகப்பைக்காம்பால் ஒன்று போட்டார். தடுக்கக் கை நீட்டினேன். சுண்டு விரல் பின்பக்கமாக மடிந்துபோய் நின்றது.

அம்மா அகப்பையைக் கீழே போட்டுவிட்டு என்னைத் தூக்கிக்கொண்டு தெருவுக்கு ஓடினார். எங்களுக்கு இரண்டு அறை வாடகைக்குத் தந்திருந்த வீட்டுக்கார ஆன்டி பின்னால் கத்தினார்: "பெத்த பிள்ளைய இப்பிடியா அடிக்கிறது? நீ மனுசியா, பேயா?" அந்த வார்த்தைக்குப் பிறகு அம்மா எனக்குக் கைநீட்டவில்லை. கிணற்றடியில் நின்று தன் கையைத் தானே சுவரில் அடித்துக்கொண்டதை இரண்டு தடவை கண்டேன். அப்பா எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டு வாசற்படியில் பேப்பரோடு இருந்தார். பேப்பர் அரை மணித்தியாலமாக ஒரே பக்கத்தில் நின்றது. மனிசன் கோபமாக இருக்கிறார் என்று அம்மாவும் நினைத்தார், நானும் நினைத்தேன்.

கடைவாய்ப் பல் ஒன்று தேய்ந்து முரசுமட்டத்துக்கு வந்து, உள்ளே சீழ் கட்டியது. ஒழுங்கை முனையில் ஒரு பல் வைத்தியர் இருந்தார். அவர் பெயரும் வேண்டாம், இப்போது உயிரோடும் இல்லை. அங்கே பிள்ளைகளுக்குப் பல் பிடுங்கும் முறை இதுதான்: உதவியாள் பின்னால் நின்று இரண்டு தோளையும் கதிரையோடு அமர்த்துவார், இன்னொருவர் காலில் ஏறி இருப்பார், டொக்டர் ஒரு முழங்காலை நெஞ்சில் ஊன்றிக்கொண்டு குறட்டால் பல்லைப் பிடிப்பார். உங்களுக்கும் அப்படித்தான் பிடுங்கியிருப்பார்கள். நீங்கள் வீட்டுக்கு ஐஸ்கிறீம் சாப்பிடப் போனீர்கள். என் வாய்க்குள் பல் கப்பென்று நொறுங்கியது. அதைவிடப் பெரிய சத்தம் ஒன்று தோளில் கேட்டது. உதவியாள் கையை எடுத்துவிட்டுத் தன் கையையே பார்த்தார்.

"நான் ஒண்டும் செய்யேல்ல சேர். சும்மாதான் பிடிச்சனான்."

காறை எலும்பு. ஏழாவது. அன்றைக்கு நான் போட்ட கூச்சலில் வெளியே காத்திருந்த இரண்டு பேர் எழும்பிப் போய்விட்டார்களாம். அந்த டொக்டருக்கு என்னால் ஏற்பட்ட நட்டம் அது.

தோளில் கட்டும் வாயில் சீழுமாக அரசாங்கப் பல் ஆஸ்பத்திரிக்குப் போனோம். அங்கேதான் அந்த டொக்டரம்மாவைக் கண்டேன். சிங்களவர். கட்டையானவர், பெரிய கண்ணாடி, கையில் எப்போதும் கிராம்புத் தைல மணம். அவருக்குத் தெரிந்த தமிழ் மூன்று சொல்: திற, மூடு, துப்பு. அம்மாவுக்குக் கொஞ்சம் இங்கிலீஷ் தெரியும், அவருக்கு நிறைய. இருவரும் அதில் கதைத்துக்கொண்டார்கள்.

வழக்கப்படி அம்மா என் கால்களைப் பிடிக்க வந்தார். டொக்டரம்மா தடுத்தார்.

"பிடிக்க வேண்டாம். பிடித்தால் முறியும். அவனாக இருக்கட்டும்."

கழுத்துக்குக் கீழே ஒரு துவாயைச் சுருட்டி வைத்தார். முழங்காலுக்கடியில் தலையணை. வாயை இழுத்துப் பிடிக்கும் கருவி எதையும் போடவில்லை. தன் இடது கையை என் நாடிக்கடியில் ஏந்தி, தாடையின் பாரம் முழுவதையும் அந்தக் கையில் வாங்கிக்கொண்டார். மீந்திருந்த வேரைத் துண்டு துண்டாக எடுத்தார். ஒரு துண்டு வரும், நிறுத்துவார், என் கண்ணைப் பார்ப்பார், பிறகு அடுத்தது. ஒரு மணித்தியாலம் போயிருக்கும். முடிந்ததும் என் கீழிமையை விரலால் இறக்கிப் பார்த்தார். கண்ணின் வெள்ளை, வெள்ளையாக இல்லாமல் இலேசாக நீலம் ஓடியிருந்தது. படமெடுக்கச் சொன்னார். படத்தைப் பார்த்துவிட்டு அம்மாவைக் கேட்டார்: "வீட்டில் வேறு யாருக்காவது எலும்பு முறிவு? இப்படிப் பல்?"

"ஒருத்தருக்கும் இல்லை டொக்டர்."

"உங்கள் கணவருக்கு?"

"இல்லை டொக்டர். அவருக்குப் பொய்ப்பல். பஸ் அக்சிடன்ட் ஒன்றில எல்லாம் போனது."

டொக்டரம்மா பேனாவைக் கொஞ்சம் கூடுதலான நேரம் கையில் வைத்திருந்தார். பிறகு எழுதினார்.

அடுத்த இரண்டு மாதத்தில் என் கடைவாய்ப் பற்கள் நான்குக்கு உருக்குத் தொப்பி போட்டார், தேய்மானம் நிற்க. எனக்குத் தலைகால் தெரியாத பெருமை. செக் பொயின்டில் ஆமிக்காரன் பையைத் திறக்கச் சொன்னால் நான் வாயையும் திறந்து காட்டினேன். முன்பற்கள் இரண்டும் புதிதாக வந்தவை. ஆறு கிழமையில் அவற்றுக்கும் உறை போடுவதாகத் திட்டம். "அதுவரை முன்பல்லால் ஒன்றையும் கடிக்காதே" என்று இங்கிலீஷில் அம்மாவிடமும் சைகையில் என்னிடமும் சொன்னார். கறித்துண்டைக்கூட அம்மா நாராகக் கிழித்துத்தான் தந்தார்.

ஆறாவது கிழமை அப்பாவைப் பிடித்தார்கள்.

அப்பா வேலை செய்தது கொட்டாஞ்சேனையில் ஒரு இரும்புச் சாமான் கடையில். பின்னாளில் இதை நினைத்துப் பல தடவை சிரித்திருக்கிறேன்: கண்ணாடி எலும்புக்காரன் இரும்புக் கடையில். பக்கத்துத் தெருவில் குண்டு வெடித்து மூன்று நாள் கழித்துச் சுற்றிவளைத்தார்கள். கடை ஆம்பிளைகளை வெயிலில் வரிசையில் நிற்க வைத்து, முழங்கையிலும் முழங்காலிலும் காய்ப்பு இருக்கிறதா என்று பார்த்தார்கள். தவழ்ந்து பயிற்சி எடுத்தவனுக்குக் காய்ப்பு இருக்கும் என்பது அவர்களுடைய கணக்கு. அப்பாவுக்குக் காய்ப்பு இல்லை. ஆனால் இடது முன்கை வில் மாதிரி வளைந்திருந்தது. தொடையில் ஒரு சாண் நீளத்துக்குத் தழும்பு இருந்தது.

மற்றவர்கள் பின்னேரம் கடைக்குத் திரும்பினார்கள். அப்பா வரவில்லை.

அடுத்த நாள் காலை அம்மா என்னையும் கூட்டிக்கொண்டு போனார். பிள்ளை பக்கத்தில் நின்றால் மனம் இரங்குவார்கள் என்று வீட்டுக்கார ஆன்டி யோசனை சொல்லியிருந்தார். எந்தப் பொலிஸ் நிலையம் என்று எழுதமாட்டேன். ஐம்பது தாண்டியும் பயம் பயம்தான். மர வாங்கில் குந்தியபடி, சுவரிலிருந்த பச்சைப் பூச்சின் வெடிப்புகளை எண்ணிக்கொண்டிருந்தேன். அந்த வெடிப்புகள் எல்லாம் எனக்கு என் எக்ஸ்ரே படம் மாதிரியே தெரிந்தன.

இன்ஸ்பெக்டர் யாழ்ப்பாணத்தில் வேலை செய்தவர். தமிழ் நல்லாகவே கதைத்தார்.

"ஓங்கட புருஷன் கைய முறுக்கின ஒடன ஒடஞ்சிட்டு. டொக்டர்கிட்ட காட்டினோம். டொக்டர் படம் எடுத்திட்டு என்ன சொன்னார் தெரியுமா? பழைய முறிவு ஏழு எடத்தில இருக்காம். ஏழு! ஒரு கடைக் கிளாக்குக்கு ஏன் ஏழு முறிவு?"

அம்மா அழவில்லை. பதில் தெரிந்த பிள்ளை மாதிரி முன்னுக்கு வந்தார். "நான் சொல்லுறன் சேர். இடக்கை தென்னை மரத்தால விழுந்தது. தொடை புட்போல் விளையாடேக்க. தோள்மூட்டு கிணத்துக்கட்டு இடிஞ்சது. பல்லு பஸ் அக்சிடன்ட்..."

இன்ஸ்பெக்டர் ஒரு தாளை எடுத்தார். அதில் அப்பாவின் வாக்குமூலம்.

"அவன் சொல்றான், இடக்கை கிணத்துக்கட்டு. தொடை சைக்கிள். தோள் தென்னை மரம். பல்லு சின்ன வயசில அம்மை போட்டதாம்." தாளை மேசையில் அடித்தார். "ஒண்டாவது பொருந்துதா? நாங்க முட்டாளா?"

அம்மாவின் வாய் திறந்தபடி நின்றது. அந்தக் கதைகள் ஒவ்வொன்றும் கலியாணமான புதிதில் அப்பா அவருக்குச் சொன்னவை. எந்த எலும்புக்கு எந்தக் கதை என்று சொன்னவரே மறந்துவிட்டார். நம்பியவர் ஒன்றும் மறக்கவில்லை.

"நாளைக்குப் பின்னேரம் மேல அனுப்புவோம். அங்க கதை சரியா வரும்" என்றார் இன்ஸ்பெக்டர்.

அந்த இடத்துக்கு அனுப்பப்பட்டவர்களில் திரும்பி வந்த ஒருவரை எங்கள் ஒழுங்கையில் எல்லாருக்கும் தெரியும். அவர் கதவு சாத்தும் சத்தத்துக்கு மூத்திரம் போய்விடுவார்.

அடுத்த நாள் காலை எனக்குப் பல் ஆஸ்பத்திரிக்கு வரச்சொன்ன துண்டு இருந்தது. அம்மா ஏன் அன்றைக்கும் என்னைக் கூட்டிக்கொண்டு போனார் என்று பலமுறை யோசித்திருக்கிறேன். வேறு போக இடமில்லை என்பதுதான் காரணமாக இருக்க வேண்டும். டொக்டரம்மா "திற" என்றார், திறந்தேன். அம்மா பின்னால் நின்று விம்மினார். என்ன என்று கேட்டதும் எல்லாவற்றையும் கொட்டினார்: பிடித்தது, கை முறிந்தது, ஏழு பழைய முறிவு.

டொக்டரம்மாவின் கை என் வாய்க்குள்ளேயே நின்றுவிட்டது.

"உங்கள் கணவருடைய கண் எப்படி இருக்கும்? கண்ணின் வெள்ளை?"

அம்மாவுக்கு முதலில் கேள்வி விளங்கவில்லை. பிறகு, அந்த நிலைமையிலும் அவருடைய முகத்தில் ஒரு கூச்சம் வந்ததைக் கண்டேன்.

"கொஞ்சம் நீலமா இருக்கும். கைக்குழந்தையின்ர கண் மாதிரி. பொம்பிளை பாக்க வந்த அண்டைக்கு எனக்குப் பிடிச்சது அதுதான் டொக்டர்."

டொக்டரம்மா கையுறையைக் கழற்றினார். என் படங்கள் இருந்த மண்ணிற உறையை எடுத்தார். வெளியே வரிசையில் இருந்தவர்களிடம் ஏதோ சொல்லிவிட்டு, வெள்ளைக் கோட்டையும் கழற்றாமல் எங்களோடு இறங்கினார். அரசாங்க உத்தியோகத்தில் இருக்கும் ஒரு சிங்களப் பெண், அந்த வருஷத்தில், பிடிபட்ட தமிழனுக்காகப் பொலிசுக்குப் போவது என்றால் என்ன என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. எனக்கு அன்றைக்கு விளங்கவில்லை. முன்பல்லுக்கு உறை போடாமல் தப்பினேன் என்று மட்டும் சந்தோசப்பட்டேன்.

இன்ஸ்பெக்டர் அவருக்குக் கதிரை கொடுத்தார். அவர் இருக்கவில்லை. சிங்களத்தில் விளக்கினார். கடைச் சிங்களம் எனக்கு அப்போதே தெரியும், தவறவிட்டதை டொக்டரம்மா பிறகு அம்மாவுக்குச் சொல்லியிருக்கிறார். இது பரம்பரை நோய், தகப்பனிடமிருந்து மகனுக்கு வந்திருக்கிறது, இந்த மனிதனுக்கு இருமினாலும் விலா எலும்பு முறியக்கூடும் என்றார். என் படங்களை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார்.

"மகனுக்கு இருக்கலாம் மிஸ். தகப்பனுக்கு இருக்கிறது என்பதற்கு என்ன சாட்சி? அவனுக்குப் பல்லே இல்லை."

"கூப்பிடுங்கள். அவர் வாயாலேயே கேட்போம்."

அப்பாவைக் கொண்டுவந்தார்கள். முதலில் அது அப்பா என்று எனக்குத் தெரியவில்லை. அறைந்ததில் பொய்ப்பல் செட்டு உடைந்து, வாய் உள்ளுக்கு விழுந்து, இரண்டே நாளில் முப்பது வயது ஏறியிருந்தது. சொண்டு கிழிந்து கறுத்திருந்தது. ஒரு கண் மூடிக் கிடந்தது. வலது கையில் புதுப் பிளாஸ்டர். கூட வந்த கொன்ஸ்டபிள் அவருடைய சேட்டுக் கழுத்தைப் பிடித்திருந்தார். அம்மா என் கண்ணைப் பொத்தினார். விரலிடுக்கால் பார்த்தேன்.

டொக்டரம்மா கிட்டப் போய், மூடாத கண்ணின் இமையை இறக்கிப் பார்த்தார். தலையாட்டினார்.

"உங்கள் அப்பாவுக்கும் இப்படி எலும்பு முறியுமா? உங்களுக்கும் மகனுடைய பல் மாதிரித்தான் இருந்ததா? சொல்லுங்கள். நீங்கள் சொன்னால் நான் எழுதிக் கையெழுத்து வைக்கிறேன்."

ஓம் என்று ஒரு சொல். அந்தச் சொல்லில் வீடு இருந்தது. அப்பா ஒரு கண்ணால் டொக்டரம்மாவைப் பார்க்கவில்லை, இன்ஸ்பெக்டரைப் பார்க்கவில்லை. அம்மாவைப் பார்த்தார்.

"இல்லை" என்றார் சிங்களத்தில். "எங்கள் பரம்பரையில் ஒருவருக்கும் ஒரு வருத்தமும் இல்லை."

என் வயதுக்காரர்களே, இதை வெளியூர்க்காரனிடம் சொன்னால் நம்பமாட்டான். நீங்கள் நம்புவீர்கள். அடிக்குத் தாக்குப்பிடித்த மனிதன், பொம்பிளை வீட்டாரிடம் மறைத்த ஒன்று பெண்சாதிக்கு முன்னால் வெளியே வருவதைத் தாங்கமாட்டாமல் நின்றான். புலி என்று பெயர் வந்தாலும் பரவாயில்லை, வருத்தக்காரப் பரம்பரை என்று பெயர் வரக்கூடாது.

இன்ஸ்பெக்டர் பைலை மூடினார். "பாத்தீங்களா மிஸ்? கொண்டு போ."

கொன்ஸ்டபிள் சேட்டுக் கழுத்தை இழுத்தார். அப்பாவின் கால் பின்னியது. அவர் வேண்டுமென்றே நிற்கிறார் என்று நினைத்திருக்க வேண்டும். பின்னங்காலில் சப்பாத்தால் ஒரு உதை. அப்பா முழங்காலில் விழுந்தார். அந்தச் சத்தம் எனக்குத் தெரிந்த சத்தம்.

இந்த இடத்தில் நான் பாய்ந்தேன் என்று எழுதினால் நன்றாயிருக்கும். நான் வழக்கம்போல் குந்தத்தான் போனேன். குந்தும்போது, இன்னொரு உதைக்காகச் சுவரைப் பிடித்திருந்த கொன்ஸ்டபிளின் கை நேரே என் முகத்துக்கு முன்னால் இருந்தது. பயத்தில் கண் இருண்டுவிட்டது. என்ன செய்கிறேன் என்று தெரியாமல் பெருவிரலடிச் சதையில் முன்பல் இரண்டும் பதிய, என் பலம் எல்லாவற்றையும் திரட்டிக் கடித்தேன்.

கடக்கென்றது. கொன்ஸ்டபிள் கையை உதறினார். வாய்க்குள் உப்பு இரத்தமும் மண்ணும் கலந்த மாதிரி இருந்தது. இன்ஸ்பெக்டர் எழும்பினார். கொன்ஸ்டபிள் கை ஓங்கினார்.

"எப்பா!" வேண்டாம் என்று சிங்களத்தில் டொக்டரம்மா அவ்வளவு பெரிய குரலில் கத்துவார் என்று நான் நினைக்கவில்லை. ஓங்கிய கை அப்படியே நின்றது. அவர் எனக்கு முன்னால் முழங்காலிட்டு, கிராம்பு மணக்கும் கையை என் நாடிக்கடியில் ஏந்தினார்.

"துப்பு."

துப்பினேன். ஒன்றரைப் பல் வந்தது. அதைக் கொண்டுபோய் இன்ஸ்பெக்டரின் மேசையில், அப்பாவின் வாக்குமூலத்தின் மேலேயே வைத்தார். பிறகு கொன்ஸ்டபிளின் கையைப் பிடித்து விரித்துக் காட்டினார். எச்சிலும் என் இரத்தமும் இருந்தன. துடைத்தார். தோல்கூடக் கிழியவில்லை.

"இவன் முழுப் பலத்தோடு கடித்தான். காயம் யாருக்கு?"

மேசையிலிருந்த பேனாவை எடுத்து, அதன் பின்பக்கத்தால் பல் துண்டு ஒன்றை அமர்த்தினார். அது கட்டிச்சர்க்கரை மாதிரி உதிர்ந்தது. அப்படியே திரும்பி கொன்ஸ்டபிளைக் கேட்டார்: "அந்தக் கையை முறிக்க எத்தனை அடி அடித்தாய்?"

அவருக்கு இருபத்திரண்டு வயதுதான் இருக்கும். "அடிக்கவில்லை மிஸ். சும்மா முறுக்கினேன். சத்தம் கேட்டது. நான் பயந்துவிட்டேன்."

அப்போது அப்பா நிலத்திலிருந்தபடியே பேசினார். தமிழில், பல்லில்லாத வாயால், அம்மாவைப் பார்த்து.

"எங்கட ஐயாவுக்கும் இதுதான். அவர் நடந்ததே இல்லை, உங்களுக்கு வாதம் எண்டு சொன்னது. எனக்குச் சின்னனில இருந்து இருக்கு. ஒண்டும் மரத்தால விழேல்லை, ஒரு பஸ்ஸும் அடிக்கேல்லை. பல்லு... பிள்ளையின்ர மாதிரியேதான். கலியாணம் பேசினவுடன எல்லாத்தையும் புடுங்கிப்போட்டுத்தான் உங்களைப் பாக்க வந்தனான்."

என்ன சொல்கிறார் என்று டொக்டரம்மா கேட்டார். இன்ஸ்பெக்டர்தான் மொழிபெயர்த்தார். கடைசி வசனத்துக்கு வந்தபோது குரலைத் தணித்தார். அந்த மனிதருக்கும் வீட்டில் ஒரு பெண்சாதி இருந்திருக்க வேண்டும்.

டொக்டரம்மா ஒரு பக்கம் எழுதினார், கையெழுத்திட்டார், தன் வீட்டு விலாசத்தையும் கேட்காமலே எழுதிக் கொடுத்தார். பிறகு ஒரு பஞ்சுத் துண்டை உருட்டி என் வாயில் வைத்து "மூடு" என்றார். பின்னேரம் நாலு மணிக்கு அப்பாவை விட்டார்கள். அப்பாவால் இடது காலை ஊன்ற முடியவில்லை. கொன்ஸ்டபிளும் ஒரு பக்கம் தாங்கித்தான் த்ரீவீலரில் ஏற்றினார். நானோ அவருடைய பெருவிரலைப் பார்க்கவும் பயந்து மறுபக்கம் திரும்பிக்கொண்டேன்.

அம்மா அப்பா இருவருக்கும் நடுவில் நான் இருந்தேன். கொட்டாஞ்சேனைக் கோயில் மணி, மீன் லொறி, கோட்டைப் பக்கத்துச் செக் பொயின்ட் எல்லாம் போயின. அம்மா வீதியைப் பார்த்தபடி வந்தார். காலிமுகத் திடலுக்கு முன்னால் கடல் காற்று அடித்தபோது திரும்பினார்.

"பிள்ளையின்ர விரல் முறிஞ்ச அண்டைக்கு, நான் பேய் எண்டு ஊரே சொல்லேக்க, நீங்கள் வாசல்ல இருந்தனீங்கள்."

அப்பா மடியிலிருந்த புதுப் பிளாஸ்டரைப் பார்த்தார்.

"ஒரு சொல்லு. 'இது உம்மட பிழை இல்லை' எண்டு ஒரு சொல்லு. நான் கிணத்தை எத்தினை தரம் எட்டிப் பாத்தனான் தெரியுமோ?"

அவருடைய கை எழும்பியது. அந்தக் கை அப்பாவின் முகத்துக்கு நேரே வந்து, எங்கே இறங்குவது என்று தெரியாமல் நின்றது. கன்னம் வீங்கியிருந்தது, தாடை எப்படியோ, தோளை நம்ப முடியாது. ஒன்பது வருஷக் கோபத்துக்கு அந்த உடம்பில் அடிக்க ஒரு இடமில்லை. நான் பஞ்சைக் கடித்துக்கொண்டு சீற்றுக்குள் அமிழ்ந்தேன். கடைசியில் அந்தக் கை த்ரீவீலரின் கம்பியில் இறங்கியது. சாரதி திரும்பிப் பார்த்துவிட்டு, பார்க்காததுபோல் ஹோர்ன் அடித்தார்.

கொள்ளுப்பிட்டி தாண்டியதும் அம்மா மறுபடி கேட்டார். குரல் வேறு மாதிரி இருந்தது.

"எத்தினை நாளில புடுங்கினவை?"

"ரெண்டு நாளில. முதல் நாள் மேல், அடுத்த நாள் கீழ்."

"முழுசா வந்ததோ?"

"இல்லை. ஒவ்வொண்டும் நொறுங்கி நொறுங்கி. வேரைத் தேடித் தேடி எடுத்தவை. நாலு பேர் பிடிச்சவை."

அம்மா அவருடைய உள்ளுக்கு விழுந்த வாயைப் பார்த்தார்.

"நொந்ததோ?"

அப்பாவிடம் அதற்கு ஒரு கதையும் இருக்கவில்லை.

"ஓம்" என்றார்.

நான் ஓவென்று அழத் தொடங்கினேன். பஞ்சு வெளியே விழுந்தது. இருவரும் ஒரே நேரத்தில் என் பக்கம் திரும்பி, பல் வலிக்குதோ, பல் வலிக்குதோ என்று கேட்டார்கள். நான் ஓம் என்று தலையாட்டினேன்.